இணைப்பு எங்கே அறுந்தது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மாலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி செய்யூரில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். அரசுக் கலைக் கல்லூரிக்கு இணையவழியில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவு வரை நேரம் இருந்தது. அவளுடைய அப்பா உப்பளத்தில் வேலை செய்பவர். மகளைக் கொண்டுவந்து விட்டவர், உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கையில், அண்ணன் படித்த காலத்தில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி. சான்றிதழ்களை எல்லாம் அதில்தான் ஏற்றி வைத்திருந்தாள்.

மடிக்கணினியை என் வீட்டு வைஃபையில் இணைத்தோம். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கான தளம் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ ஓர் அறிவிப்பு வந்தது. மூடினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் மூடினேன். வேறொரு தளத்தின் பெயரை அடித்தேன், அதுவும் வரவில்லை. "வைஃபை போயிடுச்சும்மா" என்று நானே முடிவு கட்டி, ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டேன். பயனில்லை. பிறகு ஒரு குண்டூசியை எடுத்து, ரவுட்டரின் பின்பக்கம் இருந்த சின்னத் துளைக்குள் விட்டுப் பத்து விநாடி அழுத்தினேன். அப்படி அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கேட்ட ஞாபகம்.

அந்தக் குண்டூசியோடு என் வீட்டு இணையம் இரண்டு நாளுக்கு நின்றுபோனது. இத்தனைக்கும் அந்த நிமிடம் வரை ரவுட்டரில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை.

அன்று என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை எழுதிவிடுகிறேன். காலை வருகைப்பதிவு முதல் எண்ணும் எழுத்தும் மதிப்பீடு வரை இன்று நம் பணியில் பாதி இணையத்தின் வழியாகவே நடக்கிறது. உயர் தொழில்நுட்ப ஆய்வகமும் திறன்மிகு வகுப்பறையும் வந்துவிட்டன. ஆனால் இணைப்பு நின்றால், "அது கம்ப்யூட்டர் சார் வேலை" என்று பெரும்பாலோர் ஒதுங்கிவிடுகிறோம். ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் கம்ப்யூட்டர் சாருக்கு எங்கே போவது? நான் அறிவியல் ஆசிரியை. இதற்கென்று தனியாக எதுவும் படித்தவள் அல்ல. கேட்டும் பார்த்தும் தவறு செய்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

வைஃபை வேறு, இணையம் வேறு

வீட்டில் கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேல்தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து குழாய் வழியாகச் சமையலறைக்கு வருகிறது. ஒருநாள் சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. உடனே குழாயைக் கழற்றுவோமா? தோட்டத்துக் குழாயில் வருகிறதா என்று முதலில் பார்ப்போம். அங்கும் இல்லையென்றால் தொட்டியை எட்டிப் பார்ப்போம். தொட்டி காலி என்றால் மோட்டார், மோட்டார் ஓடுகிறது என்றால் கிணறு.

வைஃபை என்பது தொட்டியிலிருந்து குழாய் வரைக்கும் உள்ள வழி மட்டும்தான். அதாவது ரவுட்டருக்கும் நம் கைப்பேசிக்கும் நடுவே இருக்கும் ரேடியோ அலை. இணையம் என்பது தொட்டிக்கு வந்து சேரும் தண்ணீர். அது கம்பத்திலிருந்து வரும் கம்பி வழியாக, இணைப்பு கொடுத்தவரின் நிலையத்திலிருந்து வருகிறது. கைப்பேசியின் மேல்மூலையில் விசிறி போன்ற வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிந்தால், குழாய் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். தொட்டியில் தண்ணீர் இருப்பதற்கு அது சாட்சி ஆகாது. "சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் வரல" என்று நாம் வியப்போடு சொல்வதில் வியப்புக்கு ஒன்றுமில்லை.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒரு கருவியில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலுமா? வீட்டில் இன்னொரு கைப்பேசியை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் போட்டுப் பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைப்பது முக்கியம். இல்லாவிட்டால் வைஃபை வேலை செய்யாதபோதும் கைப்பேசி சந்தடியில்லாமல் டேட்டாவுக்கு மாறிக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும். இரண்டாவது கைப்பேசியில் வருகிறது என்றால் ரவுட்டரை நீங்கள் தொடவே வேண்டாம். கோளாறு முதல் கருவியில். எதிலும் வரவில்லை என்றால் மட்டும் ரவுட்டரின் பக்கம் போங்கள். இந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அன்று நான் அதைக் கேட்கவில்லை. என் கைப்பேசி அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தது.

விளக்குகள் சொல்வது

எல்லாக் கருவிகளிலும் வரவில்லை என்றால், ரவுட்டரின் முகத்தில் இருக்கும் விளக்குகளைப் பாருங்கள். இப்போது நம் பகுதியில் பெரும்பாலும் ஒளியிழை இணைப்புதான் கொடுக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் விளக்குகளின் பெயரும் வரிசையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும். ஆனால் நான்கு விளக்குகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது மின்சாரத்துக்கு. இரண்டாவது பி, ஓ, என் என்ற ஆங்கில எழுத்துகள் போட்டது. நம் பெட்டி நிலையத்தோடு சேர்ந்துவிட்டால் இது நிலையான பச்சையாக எரியும். சேர முயன்றுகொண்டிருந்தால் மினுக்கும். மூன்றாவது எல், ஓ, எஸ். இது எரியாமல் இருப்பதே நல்லது. சிவப்பாக மினுக்கினால், இழையில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். நான்காவது இன்டர்நெட் என்றோ உலக உருண்டைப் படத்தோடோ இருக்கும். இது பச்சையாக இருந்தால் தொட்டிக்குத் தண்ணீர் வருகிறது.

எல்.ஓ.எஸ். சிவப்பு என்றால் வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததை இந்தக் கடற்கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிக் காற்று அடித்த மறுநாள் கம்பத்துக்குக் கம்பம் போகும் இழை, முறிந்த கிளையோடு கீழே கிடக்கலாம். அந்த நேரத்தில் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இருக்காது. சுவரிலிருந்து ரவுட்டருக்கு வரும் மெல்லிய வயர் மேசைக்கு அடியில் மடங்கி நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மடங்கியிருந்தால் மெதுவாக நேராக்கி, பெரிய வளையமாக விடுங்கள். விளக்கு மாறாவிட்டால் புகார் செய்ய வேண்டியதுதான்.

மடங்கினால் ஏன் நின்றுவிடுகிறது என்பதற்கு விடை நம் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒளிப் பாடத்தில் முழு அக எதிரொளிப்பு நடத்துகிறோம். கண்ணாடி இழைக்குள் போகும் ஒளி, மாறுநிலைக் கோணத்தைவிட அதிகமான கோணத்தில் சுவரில் படும்வரை வெளியே கசியாமல் உள்ளுக்குள்ளேயே எதிரொளித்துப் போய்க்கொண்டிருக்கும். இழையைச் சுருக்கென்று மடித்தால் அந்த வளைவில் படுகோணம் குறைந்து ஒளி வெளியேறிவிடுகிறது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸோடு சேர்ந்து இழைக்கற்றை வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டி 1954-இல் கட்டுரை வெளியிட்டார். ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி கொஞ்ச தூரத்திலேயே மங்கிவிடும். கண்ணாடியில் உள்ள மாசுகளே அதற்குக் காரணம், அவற்றை நீக்கினால் நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1966-இல் கணித்துச் சொன்னவர் சார்லஸ் காவ். 2009-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இதை வகுப்பில் காட்டுவது எளிது. பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஒரு துளையிட்டுத் தண்ணீர் நிரப்பி, வகுப்பறையை இருட்டாக்கி, துளைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால், வளைந்து விழும் தண்ணீரோடு வெளிச்சமும் வளைந்து இறங்குவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. ரவுட்டரிலிருந்து இழையைக் கழற்றி, வெளிச்சம் வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது அகச்சிவப்பு லேசர், 1490 நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. தவிர, இழையின் முனையில் விரல் பட்டாலே எண்ணெய்ப் பசை ஒட்டி ஒளியைத் தடுக்கும்.

எல்.ஓ.எஸ். அணைந்திருக்கிறது, பி.ஓ.என். நிலையான பச்சை, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு அல்லது எரியவே இல்லை என்றால், இழை நன்றாக இருக்கிறது. நிலையம் நம்மை உள்ளே விடவில்லை. பெரும்பாலும் மாதக் கட்டணம் முடிந்திருக்கும். சிரிக்காதீர்கள், எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது.

மின்சாரமும் கடற்காற்றும்

விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தால், அல்லது சில நிமிடங்களுக்கு ஒரு முறை ரவுட்டர் தானாகவே முதலிலிருந்து தொடங்கினால், அடாப்டரைச் சந்தேகியுங்கள். ரவுட்டரின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட். செட்டாப் பாக்ஸின் அடாப்டர் முனை இதில் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகிவிடுகிறோம். முனை பொருந்தினால் போதாது. வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும்; ஆம்பியர் அதே அளவோ, கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஆம்பியர் குறைந்த அடாப்டரில் விளக்கு எரியும், ஆனால் வைஃபை அலையை அனுப்பத் தொடங்கி மின்னோட்டத் தேவை ஏறும் நேரத்தில் படுத்துவிடும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறதோ அதையேதான் ரவுட்டரின் முனைகளையும் செய்கிறது. கணினிக்குப் போகும் லேன் வயரின் செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துச் செருகிப் பாருங்கள். தேறாவிட்டால் வயரை மாற்றுவது மலிவு. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது அடாப்டரை பிளக்கிலிருந்தே பிடுங்கி வைத்துவிடுவது நல்லது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. மின்னல் வருவது அந்த வழியில் அல்ல, கரண்ட் வரும் வழியில்.

சிலர் வீட்டில் ரவுட்டருக்குப் பூ வேலை செய்த துணி போட்டு மூடியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தூசி படக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நம் மே மாத வெயிலில் அந்தப் பெட்டிக்கு மூச்சு முட்டும். துணியை எடுத்துவிடுங்கள். கதகதப்பாக இருக்கிறதென்று எறும்பு குடியேறுவதும் உண்டு.

அணைத்துப் போடுவது, அழித்துப் போடுவது

அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது? ரவுட்டர் ஒரு சின்னக் கணினி. வீட்டில் எந்தக் கருவிக்கு எந்த எண், யாருக்கு எந்தத் தகவல் போக வேண்டும் என்று அது ஒரு பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கிறது. வாரக்கணக்கில் ஓடும்போது அந்தப் பட்டியலில் குழப்பம் சேரலாம். மின்சாரத்தை நிறுத்தினால் தற்காலிக நினைவகம் காலியாகி, புதிதாகத் தொடங்கும். அணைத்த உடனே போட்டால் உள்ளே மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் போதிய நேரம் நினைவகத்தைத் தாங்கிவிடக்கூடும். ஆகவே அரை நிமிடம் பொறுத்துப் போடுங்கள். போட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடம் விளக்குகள் நிலைக்கும்வரை காத்திருங்கள். நம்மில் பலர் இருபதாவது விநாடியில் பொறுமை இழந்து மறுபடி அணைத்துவிடுகிறோம்.

குண்டூசித் துளை வேறு சமாச்சாரம். அது நிரந்தர நினைவகத்தையே துடைத்து, பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகிறது. நாம் வைத்த வைஃபை பெயர் போய், அடியில் ஒட்டியிருக்கும் பழைய பெயரும் கடவுச்சொல்லும் திரும்பும். அது பெரிய இழப்பு இல்லை. நிலையத்துக்குள் நுழைவதற்கென்று இணைப்பு கொடுத்தவர் பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல், இன்னும் சில அமைப்புகள் எல்லாம் அதோடு போய்விடக்கூடும். அவை நம்மிடம் எழுதி இல்லையென்றால் நாமாகத் திரும்ப ஏற்ற முடியாது. ஆள் வர வேண்டும். மடிக்கணினியில் இருந்த கோளாறுக்கு நான் ரவுட்டரை இப்படித் துடைத்துவிட்டேன்.

எனவே உங்கள் இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், வாடிக்கையாளர் எண், புகார் எண் ஆகியவற்றை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் என்றால் பீரோவுக்குள். பள்ளியில் என்றால் தலைமையாசிரியரின் அலமாரியில். திறன்மிகு வகுப்பறையின் சுவரில் ஒட்டி வைக்க வேண்டாம்.

ஒரு கருவியில் மட்டும் வராதபோது

முதலில், அந்தக் கருவியில் வைஃபை பட்டியலுக்குப் போய், நம் இணைப்பை மறக்கச் சொல்லிவிட்டு, கடவுச்சொல்லை மறுபடி கொடுங்கள். யாராவது கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் பழையதையே பிடித்துக்கொண்டு கருவி தவிக்கும்.

அடுத்து, எண்ணைப் பாருங்கள். வகுப்பில் சேரும் பிள்ளைக்கு வருகைப்பதிவேட்டில் வரிசை எண் கொடுப்பதுபோல, ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. இணைப்பின் விவரத்தைத் திறந்தால் அது தெரியும். வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அப்படி இருந்தால் ரவுட்டர் நம் கருவியைப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது. மடிக்கணினியில் 169.254 என்று தொடங்கினால், எண் கேட்டுக் கேட்டுப் பார்த்து, பதில் வராமல், கருவி தனக்குத்தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட வேண்டிய இடம் இது.

கணித ஆசிரியர்களுக்கு இதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 1981-இல் வகுத்த இந்த எண் முறையில் ஒவ்வொரு முகவரியும் 32 இரும இலக்கங்கள். இரண்டின் 32-ஆம் அடுக்கு சுமார் 429 கோடி. உலக மக்கள்தொகையே 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு ஒன்று என்றாலும் போதாது. அதனால்தான் செய்யூரில் என் வீட்டுக் கைப்பேசிக்கும் மதுராந்தகத்தில் உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கும் ஒரே 192.168 எண் இருக்கலாம். ஆறாம் வகுப்பு அ பிரிவிலும் ஆ பிரிவிலும் வரிசை எண் 7 இருப்பதுபோலத்தான்.

எண் சரியாக இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை, அறைக்கு அறை மாறுகிறது என்றால் அலையைக் கவனிக்க வேண்டும். ரவுட்டர் 2.4, 5 என இரண்டு கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் பேசும். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் முதலாவதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். இரண்டாவது அதில் பாதிக்கும் குறைவு. 2.4 மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். 5 வேகமானது, ஆனால் பழைய காலத்துக் கனமான செங்கல் சுவர் இரண்டு குறுக்கிட்டால் சோர்ந்துவிடும். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணிலேயே தெரியாது. "பட்டியலில் வைஃபை பெயரே வரவில்லை" என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் பக்கத்திலும் ரவுட்டரை வைக்காதீர்கள். தரையில் வைக்காமல் ஆள் உயரத்தில் மாட்டுங்கள்.

பள்ளியில் இன்னொரு சிக்கல் வரும். வீட்டுக்கென்று செய்த ரவுட்டரில் ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் அது திணறும். கேள்வி கேட்டவுடன் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து "மிஸ், மிஸ்" என்றால் யார் சொன்னதும் காதில் விழாது அல்லவா, அதேதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் குழுவினரும் 1971-இல் தீவுகளுக்கிடையே ரேடியோ வழியாகக் கணினிகளை இணைத்தபோது இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரண்டு பேர் பேச்சு மோதிக்கொண்டால் இருவரும் வெவ்வேறு நேரம் பொறுத்து மறுபடி பேச வேண்டும். வைஃபை இன்றும் அந்த வழியில்தான் போகிறது. பேசுவதற்கு முன் பிறர் பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் கூடுதல். ஆள் கூடக் கூடக் காத்திருப்பு கூடும். மதிப்பீட்டைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து நடத்தினால் மொத்தத்தில் விரைவாக முடியும்.

அன்று இரவு

ரவுட்டரைத் துடைத்த பிறகு மணி ஒன்பது ஆகியிருந்தது. வாசலில் இருந்து அவளுடைய அப்பா ஒரு முறை, "ஆகுமா டீச்சர்?" என்று கேட்டார். ஆகும் என்றேன். மாடிக்குப் போனால் கைப்பேசியில் சிக்னல் நன்றாக வரும். அங்கே போய் என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தோம். தளத்தைத் திறந்தால், அதே அறிவிப்பு.

மூடப் போனேன். "மிஸ், இருங்க, படிக்கிறேன்" என்றாள் அவள். எழுத்துக் கூட்டாத குறையாக மெதுவாகப் படித்தாள். "கடிகாரம் பின்னாடி இருக்குன்னு போட்டிருக்கு மிஸ்."

திரையின் மூலையில் தேதியைப் பார்த்தோம். பல ஆண்டுகள் பின்னால் இருந்தது.

கணினியை அணைத்த பிறகும் அதற்குள் கடிகாரம் ஓடுவதற்கு ஒரு சின்ன பட்டன் செல் இருக்கும். சுவர்க் கடிகார செல்போல அதற்கும் ஆயுள் உண்டு. அது தீர்ந்தால், ஒவ்வொரு முறை முழுதாக அணைந்து எழும்போதும் கணினி ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். அதற்கும் இணையதளம் திறக்காததற்கும் என்ன தொடர்பு? பாதுகாப்பான ஒவ்வொரு தளமும், தான் இன்னார்தான் என்பதற்கு ஒரு சான்றிதழை நம் கணினியிடம் காட்டுகிறது. அந்தச் சான்றிதழில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கணினி தன் கடிகாரத்தைப் பார்க்கிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் வழங்கப்படவே இல்லை. வருங்காலத் தேதி போட்ட மாற்றுச் சான்றிதழோடு ஒரு பிள்ளை சேர வந்தால் நாம் என்ன செய்வோமோ அதையே அதுவும் செய்கிறது. கதவை மூடிவிடுகிறது. ஒரு தளத்துக்கு அல்ல, ஏறக்குறைய எல்லாத் தளங்களுக்கும். வைஃபை அடையாளம் மட்டும் எப்போதும்போல முழுதாக நிற்கும்.

தேதியையும் நேரத்தையும் சரிசெய்ய அரை நிமிடம் ஆனது. தளம் திறந்தது. பத்தே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து எண் வந்தது. அவள் அந்த எண்ணை உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டாள். வினாவை இரண்டு முறை படித்துவிட்டு விடை எழுது என்று பதினைந்து வருடமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். திரையில் வந்த ஒரு வரியை மூன்று முறை படிக்காமலே மூடியிருக்கிறேன்.

ஆகவே கருவியில் மட்டும் கோளாறு என்று தெரிந்தால், தேதியைப் பாருங்கள். திரையில் வரும் அறிவிப்பைப் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துத் தெரிந்தவருக்கு அனுப்புங்கள். மூடிவிட்டு, "ஏதோ வந்துச்சு சார்" என்று சொன்னால் உதவ நினைப்பவராலும் உதவ முடியாது.

புகார் சொல்லும்போது

மறுநாள் காலை இணைப்பு கொடுத்தவர்களை அழைத்து, "நெட் வரலை" என்றேன். பார்க்கிறோம் என்றார்கள். மாலையிலும் அதையே சொன்னேன், அதையே சொன்னார்கள். அடுத்த நாள்தான் முறையாகச் சொன்னேன்: "எல்.ஓ.எஸ். எரியவில்லை. பி.ஓ.என். பச்சை. இன்டர்நெட் விளக்கு எரியவில்லை. ரீசெட் செய்துவிட்டேன், பயனர் பெயர் அழிந்துவிட்டது." எதிர்முனையில் இருந்த பையன், "அப்ப லைன் ஆள் வேண்டாம் மேடம், கான்ஃபிகர் பண்ற ஆளைத்தான் அனுப்பணும்" என்றான். மதியத்துக்குள் ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார். முந்தைய நாள் என் புகாரை ஏணியோடு கம்பம் ஏறுபவரின் பட்டியலில் போட்டிருந்தார்களாம். அவர் வந்திருந்தாலும் என் வீட்டில் அவருக்கு வேலை இல்லை.

எப்போது நின்றது, எல்லாக் கருவியிலுமா, எந்த விளக்கு எந்த நிறம், இதுவரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற நான்கையும் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் உள்ளதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும். மருத்துவரிடம் கைவைத்தியம் செய்ததை மறைப்பதுபோல மறைத்துவிடுகிறோம். சொல்லிவிடுவது நல்லது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் அதே காரணத்துக்காகத்தான். அடாப்டரையும் வயரையும் மாற்றி, அணைத்தும் போட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிய பிறகு இணைப்பு வந்தால், எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த முறை நிற்கும்போது மறுபடி எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்போம். சரியாக வாசிக்காத பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லையா, கூட்டத் தெரியவில்லையா, கரும்பலகையே கண்ணுக்குத் தெரியவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிற நமக்கு இது புதிய வேலை அல்ல.

அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மடிக்கணினியை அந்த ஜூன் மாதமே மதுராந்தகத்தில் கொடுத்து 3 வோல்ட் பட்டன் செல்லை மாற்றிக்கொண்டாள். என் வீட்டு ரவுட்டரின் பின்பக்கத் துளைமேல் இப்போது ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது.